கரிசல் காற்றும் மூக்குச் சதையும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில் பாலவனத்தம் இருக்கிறது. மதுரையில் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். அங்கிருந்து அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி போகிறவரை கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பினால் புழுதி அடுப்படி வரைக்கும் வரும். சோளமும் மக்காச்சோளமும் களத்தில் கிடக்கிற நாட்களில் சுனை பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டால் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசி. இவையெல்லாம் மூக்கைக் கடந்துதான் நுரையீரலுக்குப் போக வேண்டும். வளர்ந்த ஆள் ஒருவர் ஒரு நாளில் இழுத்து விடும் காற்று 10,000 லிட்டருக்கு மேல்.

அதனால் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறவர்களை இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். உலக அளவில் 100 பேரில் 10 முதல் 30 பேருக்கு ஒவ்வாமை மூக்கழற்சி இருப்பதாகக் கணக்கு. தும்மலைக் கவனிக்காமல் விட்டால் மூக்கில் சதை வளர்ந்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துவதும் வழக்கம். அந்தப் பயத்துக்குக் கணக்கு துணை நிற்கவில்லை. மூக்கு, சைனஸ் நோய்களுக்கான ஐரோப்பிய வழிகாட்டி திரட்டித் தந்திருக்கும் எண்களின்படி, ஒவ்வாமை மூக்கழற்சி உள்ளவர்களில் 0.5 முதல் 4.5 விழுக்காட்டினருக்குத்தான் பாலிப் எனப்படும் சதை வருகிறது. பொதுமக்களிடம் அது காணப்படும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்படியானால் கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது. ஒரே காற்று, ஒரே மகரந்தம், ஒரே புகை. நூறு பேர் தும்முகிறார்கள். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மூக்கின் உட்சவ்வு வீங்கித் தொங்கத் தொடங்குகிறது. அந்த இரண்டு மூன்று பேரின் செல்லுக்குள் என்ன வேறுபாடு? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தேடிப் போகும் விடைகளில் ஒன்று, செல் தன் பழுதுகளைத் தானே கரைத்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற வேலையையும் அதை நடத்தும் மரபணுக்களையும் பற்றியது. இந்தத் தேடல் சரியான திசையில் போகிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதை வைத்து இன்றைக்கே வைத்தியம் சொல்லக் கிளம்புகிறவர்களை நம்ப வேண்டாம் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சதை என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மூக்கில் எதனால் அடைப்பு வந்தாலும் சதை வளர்ந்திருக்கிறது என்றுதான் ஊரில் சொல்வார்கள். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம் அடினாய்டு வீங்கியிருக்கும். பெரியவர்களில் பலருக்கு நடுத்தண்டு வளைந்திருக்கும். ஒவ்வாமைக்காரர்களுக்குப் பக்கச் சுவரில் இயற்கையாகவே உள்ள டர்பினேட் என்ற மடிப்பு தடித்திருக்கும். கண்ணாடி முன் மூக்கை நிமிர்த்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சதை தெரிகிறது என்று பதறி வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது இந்த மடிப்பைத்தான். அது சிவந்தோ வெளிறியோ இருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்கும், நோய் இல்லாதவருக்கும் இருக்கும்.

பாலிப் அதற்கும் மேலே, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எத்மாய்டு சைனஸின் வாய்ப்பகுதியிலிருந்து இறங்கி வரும். உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்தால் தோல் சீவிய இளநுங்கு போல வெளிறி, ஒளி ஊடுருவ, வழுவழுப்பாகத் தொங்கும். கருவியால் தொட்டால் நோயாளிக்குப் பெரிதாக வலி தெரியாது. அதில் பெரும்பகுதி நீர்தான். ரத்த நாளங்களிலிருந்து கசிந்த புரதமும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளும், ஏராளமான வெள்ளணுக்களும் அந்த நீரில் ஊறிக் கிடக்கின்றன. இந்த ஃபைப்ரினைக் கரைக்க வேண்டிய நொதி பாலிப் திசுவில் குறைவாக இருப்பதை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டகபயாஷியும் ஷ்லைமரும் 2013-இல் காட்டினார்கள். வீக்கம் ஏன் வடியாமலே நிற்கிறது என்பதற்கு அதில் பாதி விளக்கம் கிடைக்கிறது.

நோயாளி சொல்லும் குறைகளிலேயே இரண்டையும் ஓரளவு பிரித்துவிடலாம். தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகுதல், கண் சிவத்தல் என்று வந்தால் ஒவ்வாமை. இரண்டு பக்கமும் விடாத அடைப்பு, அதோடு வாசனையே தெரியவில்லை என்றால் பாலிப்பைத் தேட வேண்டும். மல்லிகை தொடுத்துச் சந்தைக்கு அனுப்புகிற ஊரில், தொடுக்கிறவருக்கே பூ மணக்கவில்லை என்றால் அதைச் சளி என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே பக்கம் மட்டும் அடைத்து, ரத்தமும் கலந்து வந்தால் அது வேறு கட்டியாக இருக்கலாம். அதற்குத் தாமதிக்காமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தக் காற்றில் இருப்பவற்றில் சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். இதன் சொந்த ஊர் தென், மத்திய அமெரிக்கா. சென்னை மாகாணத்து வனத்துறை விறகுப் பஞ்சத்துக்காக 1877-இல் கடப்பைப் பக்கம் இதை ஊன்றியது. விறகுப் பஞ்சம் தீர்ந்தது, மரம் போகவில்லை. நிலத்தடி நீர், கண்மாய், மேய்ச்சல் என்று அதன் மேல் உள்ள புகார்கள் எல்லாருக்கும் தெரியும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லும் அளவுக்கு அது வழக்காயிற்று. மூக்கின் பக்கமிருந்து வரும் புகார் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் மஞ்சள் பூங்கதிர்கள் முக்கியமாகத் தேனீக்களை நம்பித்தான் பூக்கின்றன, ஆனாலும் மகரந்தம் காற்றிலும் போதுமான அளவு பறக்கிறது. இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஒவ்வாமை தரும் மகரந்தங்களில் அது முக்கியமான ஒன்று. வளைகுடா நாடுகளிலும் பாலைவனத்தைப் பசுமையாக்க இதையே நட்டார்கள். இங்கே மூக்கு ஒழுகி, வேலைக்கு அங்கே போனவருக்கு அங்கேயும் ஒழுகினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை, மரம் அதேதான். சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் லைமா பீன்ஸின் புரதங்கள் சிலவற்றையும் சீமைக்கருவேல மகரந்தத்தையும் உடலின் எதிர்ப்பொருள் ஒன்றாகவே பாவிக்கிறது என்று டெல்லி ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டும் பயறு வகைக் குடும்பம்.

மகரந்தம் உட்சவ்வில் படிந்ததும் அதன் நொதிகள் செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. காயம்பட்ட செல் அபாய அறிவிப்பாகச் சில புரதங்களை வெளியே விடுகிறது. அதைக் கண்டு கூடும் நோயெதிர்ப்புச் செல்கள் ஐ.எல்.-4, ஐ.எல்.-5, ஐ.எல்.-13 என்ற மூன்று செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. முதலாவது ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருளைப் பெருக்கும், இரண்டாவது இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து வரவழைக்கும், மூன்றாவது கோழையைச் சுரக்க வைக்கும். ஐ.ஜி.ஈ.யைத் தாங்கிய மாஸ்ட் செல்கள் மகரந்தத்தை மறுபடி கண்டதும் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும், தும்மல் வரும். ஒவ்வாமைக்காரர் எல்லாரிடமும் இது நடக்கிறது. பாலிப்பிலும் இதே மூன்று புரதங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. வேறுபாடு, தூண்டுதல் விலகிய பின்னும் அழற்சி அடங்காமல் நீடிப்பதில் இருக்கிறது. ஏன் அடங்கவில்லை என்று கேட்டுப் போனவர்கள்தான் தன்னுண்ணலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

செல்லுக்குள் லைசோசோம் என்ற அமிலப் பையை 1955-இல் கண்டறிந்தவர் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டுவ். 1963-இல் அவரே தன்னுண்ணலுக்குப் பெயரும் வைத்தார். பழுதான மைட்டோகாண்ட்ரியா, உருக்குலைந்த புரதக் கட்டி, உள்ளே புகுந்த கிருமி இப்படி வேண்டாத எதையும் சுற்றி ஒரு இரட்டைச் சவ்வு வளர்ந்து மூடுகிறது. மூடிய பை லைசோசோமோடு கலக்கிறது. உள்ளே இருந்தது அமினோ அமிலங்களாகவும் கொழுப்புகளாகவும் கரைந்து, செல்லுக்கே திரும்பப் பயன்படுகிறது. எல்லாச் செல்லிலும் எந்நேரமும் கொஞ்சம் நடந்துகொண்டிருக்கும். பட்டினியிலும் நெருக்கடியிலும் வேகமெடுக்கும்.

இதை எந்த மரபணுக்கள் நடத்துகின்றன என்பது முப்பது ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. அதைத் திறந்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனக்கென்று சிறிய ஆய்வகம் கிடைத்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. எடுத்துக்கொண்டது ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். ஈஸ்ட் செல்லில் லைசோசோமின் வேலையைச் செய்வது வாக்குவோல் என்ற பெரிய பை. சாதாரண நுண்ணோக்கியிலேயே அது தெரியும். ஆனால் உள்ளே வருவதெல்லாம் உடனுக்குடன் கரைந்துவிடுவதால் எதையும் பார்க்க முடியாது. கரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்து, அதைப் பட்டினி போட்டார் ஓசுமி. சில மணி நேரத்தில் வாக்குவோல் நிறையச் சின்னஞ்சிறு உருண்டைகள் சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தன. கரையாமல் தேங்கியதால்தான் அவை கண்ணில் பட்டன. இது 1992-இல் வெளிவந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஈஸ்ட் திரிபுகளில் எதிலெல்லாம் அந்த உருண்டைகள் சேரவில்லை என்று தேடி, 1993-இல் 15 மரபணுக்களைச் சுகடாவும் அவரும் பட்டியலிட்டார்கள். ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தச் சோதனையின் எளிமை. நடப்பதைப் பார்க்க, முடிவதை நிறுத்தி வைத்தார்.

ஈஸ்டில் கண்ட மரபணுக்களுக்கு மனிதரிலும் இணைகள் உண்டு. மூக்குத் திசுவை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்ப அளப்பவை சில: சவ்வு முளைப்பதைத் தொடங்கி வைக்கும் பெக்லின் 1, சவ்வை நீட்டும் ஏ.டி.ஜி.5, ஏ.டி.ஜி.7, சவ்வின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் எல்.சி.3, கழிவைப் பிடித்து எல்.சி.3-யோடு இணைக்கும் பி62. இவற்றையெல்லாம் மேலிருந்து அடக்கி வைப்பது எம்டார் என்ற புரதம். சாப்பாடு தாராளமாக இருந்தால் எம்டார் விழித்திருக்கும், தன்னுண்ணல் தணிந்திருக்கும்.

நம் எல்லாருக்கும் இந்த மரபணுக்கள் இருக்கின்றன. ஆகவே இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அந்த நேரத்தில், அந்தத் திசுவில், எவ்வளவு ஆர்.என்.ஏ. நகலாகப் படிக்கப்படுகிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துணுக்கையோ மெல்லிய தூரிகையால் உரசி எடுத்த செல்களையோ உடனே பதப்படுத்தி, ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, டி.என்.ஏ.யாக மாற்றிப் பெருக்கி அளப்பார்கள். கோவிட் காலத்தில் ஊரெல்லாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். கருவியே இதற்கும். ஒவ்வாமை மட்டும் உள்ளவர், ஒவ்வாமையோடு பாலிப்பும் உள்ளவர், இரண்டும் இல்லாமல் நடுத்தண்டு வளைவுக்காக மட்டும் அறுவைக்கு வந்தவர் என்று பிரித்து வைத்து ஒப்பிடுவார்கள்.

தைவானில் ஒரு குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: பாலிப்பில் தன்னுண்ணல் குறைபாடு உண்டு. இயல்பான மூக்குச் சவ்வோடு ஒப்பிட்டபோது பாலிப் திசுவில் எல்.சி.3 குறைந்திருந்தது. மூன்று ஆண்டு கழித்துத் தென்கொரியாவிலிருந்து இன்னும் ஆழமான விடை வந்தது. எலிகளின் மாக்ரோஃபேஜ் போன்ற விழுங்கு செல்களில் மட்டும் ஏ.டி.ஜி.7 மரபணுவை நீக்கிவிட்டு, மூக்கில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கினார்கள். மரபணு இருந்த எலிகளை விட இவற்றின் மூக்கில் இயோசினோஃபில்கள் அதிகமாகக் குவிந்தன, சவ்வு தடித்தது. ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் அதில் பெரும்பங்கு வகித்தது.

அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முன்பே விடை இருந்தது. மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதிலிருந்து தீவிர ஆக்சிஜனும் அதன் சொந்த டி.என்.ஏ.யும் கசியும். செல்லுக்குள் அதை உணரும் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டம், உள்ளே கிருமி புகுந்துவிட்டது போல எண்ணி ஐ.எல்.-1 பீட்டாவை முடுக்கிவிடும். பழுதான மைட்டோகாண்ட்ரியா நேரத்துக்குக் கரைந்துவிட்டால் இந்தத் தவறான முடுக்கம் நடக்காது. தன்னுண்ணல் மரபணு ஒன்று குறைந்த எலிகளில் ஐ.எல்.-1 பீட்டா மிகையாகச் சுரப்பதை ஜப்பானின் சைட்டோ குழு 2008-இலேயே காட்டியிருந்தது. அது குடல் அழற்சி பற்றிய ஆய்வு. மூக்கும் குடலும் தொலைவில் இருந்தாலும் வெளியுலகைத் தொடும் சவ்வுகள் என்ற வகையில் ஒரே குடும்பம்.

இதோடு நின்றால் கதை சுலபம். தன்னுண்ணல் குறைந்தால் சதை வளரும், கூட்டினால் கரையும் என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க விடாத ஆய்வுகளும் கையில் இருக்கின்றன. மாஸ்ட் செல் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுவதற்கே ஏ.டி.ஜி.7 தேவை என்று 2011-இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டது. அந்த மரபணு இல்லாத மாஸ்ட் செல்கள் சரியாக வெடிக்கவில்லை. ஐ.எல்.-13 தூண்டிக் கோழை சுரக்கும் வேலைக்கும் தன்னுண்ணல் இயந்திரம் பயன்படுகிறது என்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2016-இல் காட்டினார்கள். இயோசினோஃபில்களில் ஏ.டி.ஜி.5-ஐ நீக்கிப் பார்த்த சுவிட்சர்லாந்தின் பெர்ன் குழுவுக்கு 2021-இல் கிடைத்த விடை இன்னும் சிக்கலானது: மஜ்ஜையில் உற்பத்தியாகும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் உற்பத்தியான ஒவ்வொன்றும் முன்னை விட ஆவேசமாகச் செயல்பட்டது. ஏ.டி.ஜி.7 என்ற ஒரே மரபணு விழுங்கு செல்லில் அழற்சியைத் தணிக்கிறது, மாஸ்ட் செல்லில் தும்மலுக்கு உதவுகிறது. ஒரு துண்டுச் சதையை அப்படியே அரைத்து அளந்தால் இந்த எல்லாச் செல்களின் கணக்கும் கலந்துதான் வரும். பாலிப்பில் இயோசினோஃபில் அதிகம், ஒவ்வாமைச் சவ்வில் வேறு கலவை. எண் மாறியிருப்பது மரபணுவின் நடத்தை மாறியதாலா, செல்களின் கலவை மாறியதாலா என்று பிரிக்காமல் முடிவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

அளப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு, இது ஓசுமியின் சோதனையிலேயே இருக்கிறது. எல்.சி.3 ஒட்டிய பைகள் ஒரு செல்லில் நிறைய இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். வேலை மும்முரமாக நடப்பதால் புதுப் பைகள் உருவாகிக்கொண்டே இருக்கலாம். அல்லது லைசோசோமில் கரையாமல் பழைய பைகள் தேங்கியிருக்கலாம். ஓசுமி நொதியில்லாத ஈஸ்டில் கண்டது இரண்டாவது. முதலாவது நலத்தின் அறிகுறி, இரண்டாவது கோளாறு. பிரித்தறிய பி62-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி62 கழிவோடு தானும் கரைகிற புரதம். வேலை முடிந்தால் குறையும், தேங்கினால் சேரும். ஆர்.என்.ஏ. நகலை மட்டும் எண்ணி, புரதம் கரைந்ததா என்று பார்க்காத ஆய்வில் பாதிச் சேதிதான் கிடைக்கும். ஒவ்வாமைக்காரருக்கு இந்த மரபணு இத்தனை மடங்கு குறைவு, ஆகவே பாலிப் அபாயம் என்று செய்தித்தாளில் வந்தால், புரதத்தையும் அளந்தார்களா, எத்தனை பேரிடம் என்று கேட்டுவிட்டு மேலே படிக்கலாம். இன்னொன்றும் கேட்கலாம்: சதை வந்தபின் எடுத்த துணுக்கில் கண்ட குறைவு சதைக்குக் காரணமா, சதையின் விளைவா? தும்மல் மட்டும் இருக்கும்போதே அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் அபாயம் என்ற சொல்லுக்கு முழு உரிமை வரும்.

காற்றில் உள்ள புகைக்கும் இதில் பங்கு உண்டு. நுண்துகளும் சிகரெட் புகையும் மூச்சுக்குழாய் செல்களில் தன்னுண்ணலின் ஓட்டத்தை மாற்றுவதைச் செல் வளர்ப்புச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கரிமூட்டத்தின் பக்கத்தில் வேலை செய்கிறவரின் மூக்குச் சவ்வு கரைக்க வேண்டிய பழுதின் அளவே கூடுதல். பஞ்சுத் தூசி வேறு கதை. நூற்பாலையின் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசியில் இலைச் சருகும் பாக்டீரியாவின் நச்சும் கலந்திருக்கும். விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்குவது அதனால் வரும் நோயின் அடையாளம், மகரந்த ஒவ்வாமையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. களத்துச் சருகிலும் தட்டைப் படப்பிலும் பூஞ்சை உண்டு. பூஞ்சை ஒவ்வாமையால் சைனஸ் முழுக்கப் பிசின் போன்ற கெட்டிச் சளி அடைத்து, கூடவே பாலிப்பும் வளரும் நோய் இந்தியாவின் வெப்பமான வறண்ட பகுதிகளில் அதிகம். அதில் பெரும்பாலும் கிடைப்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்.

அறுவை செய்து எடுத்தும் திரும்ப வளர்ந்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு 2018-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. பாலிப் நோயாளிகளின் மூக்குச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆர்.என்.ஏ.யைப் படித்தபோது, சவ்வின் அடியில் இருந்து புதுச் செல்களை உருவாக்கும் அடித்தளச் செல்களே ஐ.எல்.-4, ஐ.எல்.-13 தாக்கத்தை நினைவில் வைத்திருப்பது தெரிந்தது. ஆய்வகத்தில் தனியே வளர்த்த பிறகும் அந்த நினைவு இருந்தது. சதையை வெட்டி எடுத்தாலும் அடிச்செல் பழைய பாடத்தையே புதுச் செல்லுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அறுவை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அடைப்பு திறக்கும், மருந்து உள்ளே போய்ச் சேரும். அறுவைக்குப் பிறகும் மருந்தைத் தொடர வேண்டும் என்றுதான் அர்த்தம்.

ஓசுமிக்குப் பரிசு கிடைத்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: விரதம் இருந்தால் தன்னுண்ணல் கூடும், எல்லா நோயும் கரையும், நோபல் பரிசே சாட்சி. ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்டை. விரதத்தால் மூக்குச் சதை கரையும் என்று எந்த மருத்துவ வழிகாட்டியும் சொல்லவில்லை. எம்டாரை அடக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ராபமைசின். ஈஸ்டர் தீவிலிருந்து 1964-இல் எடுத்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து அதைப் பிரித்தவர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திர நாத் செகால். அது நோயெதிர்ப்பையே அடக்குவதால் சிறுநீரக மாற்றம் செய்தவர்களுக்குத் தரப்படுகிறது. மூக்கடைப்புக்கு யாரும் அதை விழுங்க முடியாது.

இன்று கையில் இருப்பது எளிய மருந்துகள்தான், ஆனால் அவை முறையாகப் பயன்படுவதில்லை என்பது என் ஆதங்கம். ஸ்டீராய்டு என்று கேட்டதும் மூக்கு ஸ்பிரேயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மொமெட்டசோன், புளூட்டிகசோன் போன்றவற்றில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, இடது துவாரத்துக்கு வலது கையாலும் வலது துவாரத்துக்கு இடது கையாலும், முனையை நடுத்தண்டுக்கு எதிர்ப்புறமாக, அந்தப் பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். பலன் தெரிய வாரக்கணக்காகும். இரண்டு நாளில் நிறுத்திவிட்டு மெடிக்கலில் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அதை 3 முதல் 5 நாளுக்கு மேல் போட்டால் விடும்போதெல்லாம் அடைப்பு முன்னை விடக் கூடும், பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் தூக்கமே வராது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் 250 மில்லிலிட்டரில் அரை தேக்கரண்டி உப்பு கலந்து மூக்கைக் கழுவுவது புழுதிக் காட்டில் வேலை செய்கிறவருக்கு நல்ல பழக்கம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூக்கில் பாலிப்பும் கூடவே ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். பிரெஞ்சு மருத்துவர் விடால் 1922-இலேயே இதை எழுதினார். கடையில் உடம்பு வலிக்கு என்று கேட்டு வாங்கும் கலவை மாத்திரைகளில் இவை இருக்கும். ஐ.எல்.-4, ஐ.எல்.-13 இரண்டையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2019-இல் பாலிப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நன்றாக வேலை செய்கிறது, விலைதான் கரிசல் காட்டுக் கூலிக்கு எட்டாது.

விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். அங்கே செய்யக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. தன்னுண்ணல் மரபணு ஆய்வுகளில் நான் மேலே சொன்னவை தைவான், கொரியா, ஜப்பான், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று போகின்றன. பாலிப்பின் உள்ளமைப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பியரிடம் இயோசினோஃபில் மிகுந்தும், சீனாவில் பலரிடம் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணு மிகுந்தும் காணப்பட்டிருக்கிறது. வெளியூர்க் கணக்கை இந்த மண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. கரிமூட்டத் தொழிலாளர், நூற்பாலைத் தொழிலாளர், மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்று மூன்று கூட்டத்தில், தும்மல் மட்டும் உள்ளவர்களிடம் தூரிகையால் செல்களை எடுத்து, எல்.சி.3-யையும் பி62-ஐயும் ஆர்.என்.ஏ. அளவிலும் புரத அளவிலும் சேர்த்து அளந்து, சீமைக்கருவேல மகரந்தத்துக்குத் தோல் சோதனையும் செய்து, அதே ஆட்களை ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் உள்நோக்கியில் பார்த்து வந்தால் போதும். தூரிகைக்கு மயக்க மருந்து வேண்டாம், அறுவை வேண்டாம், பி.சி.ஆர். கருவிகள் கோவிட் காலத்தில் வாங்கியவை மாவட்டங்களில் இருக்கின்றன. மேற்படிப்பு மாணவர் ஒருவர் தொடங்கி, அடுத்து வருகிறவர் தொடரக்கூடிய வேலை இது.